களமும் மைதானமும்

சொற்களுக்கும் பயணம் உண்டு. குதிரைகளைப் பழக்குதற்கென விடப்பட்ட பரந்த வெளியை அரபியரும் பாரசீகரும் ‘மைதான்’ என்றனர். அச்சொல் உருதுவின் தோளேறி நம் நாடு புகுந்து, ஈற்றில் ஓர் ‘அம்’ பெற்று ‘மைதானம்’ ஆகி, இன்று பள்ளிச் சிறுவனின் நாவிலும் தமிழாகவே வழங்குகிறது. இதற்கு நிகராக நம்மிடம் முன்னரே ஒரு சொல் இருந்தது, அதுவே ‘களம்’. நெல் அடித்த இடமும் களம். போர் நிகழ்ந்த இடமும் களம். ஆடி மகிழ்ந்த இடமும் களம். இம்மூன்றுக்கும் பொதுவாவது யாது? பலர் கூடுதற்கெனச் செப்பனிட்டு விடப்பட்ட வெளி என்பதே. வீடு ஒருவனுடையது, வயல் ஒருவனுடையது, களமோ ஊருடையது.

இச்சொல்லாராய்ச்சி ஏட்டளவில் நெடுநாளாக என்னிடம் இருந்தது. அதன் பொருளைக் கண்ணாரக் கண்டது சென்ற குளிர்காலத்தில், கொல்கத்தாவின் கால்பந்து அரங்கில்.

அரபிப் பாடம் சொல்லும் ஆசிரியனுக்குக் கால்பந்து அரங்கில் என்ன அலுவல் என வாசகர் வினவலாம். நான் வாழ்வது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழிற்பேட்டைப் பகுதி. ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் நெல்வயலுமாக இருந்த மண் இது. இன்று மோட்டார் வண்டிகளும் மின்னணுக் கருவிகளும் இங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. அவற்றை ஆக்கும் கைகளுள் பல வங்கத்தினின்றும் அஸ்ஸாமினின்றும் பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் வந்தவை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வரும் வங்க இளைஞர் சிலர், வேலைமுறை இடந்தரும் இரவுகளில் என்னிடம் ஓதுகின்றனர். நம்மவர் ‘ஹஜ்ரத்’ என்று அழைப்பதை அவர்கள் ‘ஹுஜூர்’ என்பர்.

1780 இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தோற்றுவித்து, இன்று அலியா பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் கல்கத்தா மதரஸாவைக் காண வேண்டும் என்பது என் மாணவப் பருவத்து ஆசை. அதற்கெனப் புறப்படுகிறேன் என்றதும், முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பிள்ளை ஒருவர், உருதுவும் தமிழும் கலந்து, “ஹுஜூர், மதரஸாவைப் பாருங்கள், யுவ பாரதியையும் பார்த்து வாருங்கள். நான் அதனுள் ஒருமுறையும் போனதில்லை. எனக்காகப் பாருங்கள்” என்றார். அவர் நெஞ்சமெல்லாம் கால்பந்து. ஆனால் படிப்பு நின்ற வயதிலேயே வேலை தேடி ரயிலேறியவர்.

ஃபிக்ஹு நூல்களில் ‘வகாலத்’ என்றொரு பாடம் உண்டு. ஒருவர் செய்யவேண்டியதை அவர் சார்பில் மற்றொருவர் செய்தல் அது. தமிழில் வழக்கறிஞர் போடும் ‘வக்காலத்’தும் அச்சொல்லே. கண்ணால் காண்பதற்கும் ஒருவர்க்கு வகாலத் அளிக்கலாம் என்பதை அன்று அறிந்தேன்.

மதரஸாவைக் கண்டபின் முதலில் நகரின் நடுவிலுள்ள பெருவெளிக்குச் சென்றேன். அதற்குப் பெயரே ‘மைதான்’. வில்லியம் கோட்டையின் பீரங்கிகளுக்குத் தடையிருத்தல் ஆகாது எனக் காடழித்து வெளியாக்கப்பட்ட நிலம் அது. போர்க்களமாக எண்ணி விடப்பட்டது ஆடுகளமாயிற்று. இம்மண்ணில்தான் 1911 ஜூலை 29 ஆம் நாள், மோகன் பகான் அணியினர் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்டனர். பதினொருவருள் ஒருவர் மட்டுமே காலணி பூண்டிருந்தார், ஏனையோர் வெறுங்காலினர்.

1891 இல் தோன்றிய முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் களமும் இம்மைதானிலேயே உள்ளது. 1934 இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அது. 1938 வரை ஐந்தாண்டும் அப்பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அக்கழகத்தார் உள்ளூர் வீரரோடு நின்றாரல்லர்; பெங்களூர் போன்ற தொலைவூர்களினின்றும் திறலுடையோரை அழைத்து ஆடவைத்தனர். அக்கழகத்து முகம்மது சலீம் 1936 இல் ஸ்காட்லாந்து சென்று, செல்டிக் கழகத்துக்காகக் காலில் துணிக்கட்டோடு ஆடி அந்நாட்டாரை வியக்கவைத்தார். அன்று தென்னாட்டவர் திறனை விற்க வங்கம் சென்றனர். இன்று வங்கத்தவர் உழைப்பை விற்கத் தென்னாடு வருகின்றனர். வேறுபாடு ஒன்றுதான்: சென்றவர்க்கு அங்கே ஒரு களம் காத்திருந்தது.

மறுநாள் யுவ பாரதிக்குச் சென்றேன். உப்பேரியைத் தூர்த்து எழுப்பிய ‘சால்ட் லேக்’ புறநகரில், 1984 இல் நேரு தங்கக் கோப்பைப் போட்டியோடு திறக்கப்பட்ட அரங்கம் இது. ‘விவேகானந்த யுவ பாரதி கிரீடாங்கண்’ என்பது முழுப்பெயர். ‘அங்கணம்’ என்றால் முற்றம். எனவே விளையாட்டு முற்றம். ஆட்டமில்லாத நாள். வந்த காரணத்தைச் சொன்னதும் வாயிற்காவலர் முகம் மலர்ந்து, சிறிது நேரம் உள்ளே நின்று பார்க்க இசைந்தார்.

உள்ளே எவருமில்லை. வரிசை வரிசையாக வெற்றிருக்கைகள், நடுவே பசும்புல். ஒருகாலத்தில் 1,20,000 பேர் அமரக் கூடியதாக இருந்து, 2017 இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகச் சீரமைக்கப்பட்டபோது 68,000 அளவுக்குக் குறைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 28 இல் இறுதியாட்டம் இங்கே நடைபெற்றது. இங்கிலாந்து ஸ்பெயினை ஐந்துக்கு இரண்டு என வென்றது. 2011 இல் மெஸ்ஸி அர்ஜென்டினாவுக்காக இப்புல்லில் ஆடினார். எனினும் நகரத்தார் நினைவில் முதலிடம் பெறுவது 1997 ஜூலை 13. அன்று ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை நான்குக்கு ஒன்று என வென்றதைக் காண வந்தோர் 1,31,781 பேர். ஒரு பெரு நகரே எழுந்து வந்து அமர்ந்தது போலும்! நின்று நோக்கியபோது ஒன்று தெளிவாயிற்று. அரங்கைப் புகழுடையதாக்கியது கல்லும் காரையும் அல்ல, வந்தமர்ந்த மனிதரே. சுமை தூக்குவோனும் வழக்கறிஞனும் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்திருக்கும் இடங்கள் நம் நாட்டில் மிகுதியாக இல்லை. தொழுகை வரிசை ஒன்று. ஆட்டக்களத்தின் இருக்கை வரிசை மற்றொன்று.

கூட்டம் என்பது அருளாகவும் ஆகும், அழிவாகவும் ஆகும். 1980 ஆகஸ்ட் 16 இல் இந்நகரின் ஈடன் கார்டன்ஸ் அரங்கில், இதே இரு கழகங்களின் ஆட்டத்தின்போது ஆதரவாளர் மோதிக்கொண்டதில் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் காணச் சென்ற மகன் வீடு திரும்பாத தாய்மார் பதினாறு பேர்! 2022 இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் 135 பேர் மாண்டதும் இவ்வகைத் துயரே. கொல்கத்தா தன் துயரத்தை மறக்கவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் கால்பந்து அன்பர் குருதிக்கொடை அளிக்கின்றனர். சிந்திய குருதிக்கு ஈடாகக் கொடுத்த குருதி! வெறியைப் பண்பாக்கும் வழி இதனினும் சிறந்தது உண்டோ?

ஊர் திரும்பி அப்பிள்ளையிடம் யாவும் விவரித்தேன். புல்லின் நிறத்தையும் இருக்கைகளின் வரிசையையும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, “ஞாயிறன்று எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வாருங்கள், ஹுஜூர்” என்றார். சென்றேன். வீட்டுமனைகளாகப் பிரித்துக் கல் நட்ட பழைய வயல் அது. இம்முனையில் இரு மனைக்கற்கள், அம்முனையில் இரு மனைக்கற்கள். அவையே கோல் கம்பங்கள். ஒடிசா, அஸ்ஸாம், வங்கம், திருவண்ணாமலை என்று பல மண்ணின் கால்கள் ஒரே புழுதியில் கலந்தோடின. மொழி தெரியாதவர்க்கும் பந்து செல்லும் திசை தெரிந்திருந்தது. மனைகள் விற்பனையாகிக்கொண்டிருந்தன, வாரந்தோறும் ஆடுகளம் ஒரு மனை அளவு சுருங்கியது.

பெருநாளன்று மதீனாப் பள்ளியில் அபிசீனியர் தம் நாட்டு முறைப்படி ஈட்டி விளையாடியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. தடுக்க முனைந்தவரையும் நிறுத்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு நிறைவடையும் வரை மறைப்பாக நின்றருளினார்கள். இந்நபிமொழியைப் பல்லாண்டு கற்பித்திருக்கிறேன். ஆடியவர் அயல்நாட்டினர் என்பது இப்போதே என் நெஞ்சில் அழுந்திற்று. பிழைக்க வந்தவர்க்குச் சோறும் கூலியும் மட்டும் போதா; தம் விளையாட்டை ஆடுதற்கு ஒரு முற்றமும் வேண்டும்.

ஜகார்த்தாவில் 1962 ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தங்கம் ஈட்டித்தந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். அவரைப் பற்றி 2024 இல் வந்த திரைப்படத்தின் பெயரும் ‘மைதான்’. ஆசிரியர்க்குப் பாட அறை போல் மைதானமும் உரியது என்பதற்கு அவரே சான்று.

எங்கள் பகுதியில் இருங்காட்டுக்கோட்டையிலே 1990 முதல் மோட்டார் பந்தயத்துக்கென ஓடுதளம் இருக்கிறது. இயந்திரம் ஓட இடம் உண்டு. வயல்கள் தொழிற்சாலையானபோது களங்களும் உடன் போயின. வயலுக்கு ஈடாக வேலை வந்தது. களத்துக்கு ஈடாக எதுவும் வரவில்லை. நாங்கள் கேட்பது யுவ பாரதி அன்று. இருக்கையும் விளக்கும் வேண்டா. ஊராட்சிகளும் ஆலையுடையோரும் ஒன்றுகூடி, எவரும் விற்கவியலாதவாறு ஊர்ப் பொதுவில் எழுதிவைத்த இரண்டு ஏக்கர் நிலம் போதும். உப்பேரியைத் தூர்த்து நகர் கட்டியவரும் மக்களுக்கென ஒரு முற்றம் விட்டனர். நெல் அடித்த மண்ணில் நகர் கட்டும் நாம் அதனை விடாதொழிதல் முறையாகாது.