பின்மூடி ஓரத்துக் கறுப்பு ஃபோம்

கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிகள் பெருகியதிலிருந்து, தாத்தா விட்டுச்சென்ற பிலிம் கேமராவோடு என்னைத் தேடி வரும் பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலும் யாஷிகா, இல்லையென்றால் 1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000. "படமெல்லாம் சிவப்புக் கோடு ஐயா, கேமரா போச்சு" என்பார்கள்.

கேமரா எங்கேயும் போகவில்லை. பின்மூடியின் காடியில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஃபோம்தான் போயிருக்கிறது. பழைய ஜெர்மன் கேமராக்கள் பலவற்றில் அந்த இடத்தில் கம்பளி நூலோ வெல்வெட்டோ இருக்கும். பல இன்றும் உழைக்கின்றன. ஜப்பானியக் கேமராக்களில் வந்த பாலியூரித்தேன் ஃபோமைக் காற்றின் ஈரமே சிதைத்துப் பிசுக்காக்கிவிடும். உப்பளமும் கழிமுகமும் சூழ்ந்த நம் ஊரில் கேட்கவே வேண்டாம். பீரோவில் பூட்டி வைத்தாலும் அதே கதிதான்.

ஓட்டை எங்கே என்று பிலிமே சொல்லும். கோடு படத்தின் எல்லையைத் தாண்டி ஓரத்துளைகள்வரை பரவியிருந்தால் பின்மூடியைப் பாருங்கள். படத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் ஷட்டர் திரையை. உள்ளே பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் இடது ஓரத்துச் சிவப்புக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது வலப்பக்கம்தான் காரணம். பெரும்பாலும் கீல் அங்கேதான் இருக்கும்.

காது மட்டும் மந்தமான பெரியவரை, "அவருக்கு ஒண்ணும் புரியாது" என்று பேச்சிலிருந்தே ஒதுக்கிவிடுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். எது பழுது என்று தேடாமல் ஆளையே கழித்துக்கட்டுவது எனக்குப் பொறுக்காது. கேமராவிலும் அப்படித்தான்.

புது ஃபோம் ஒட்டுவது கால்மணி நேர வேலை. பழையதைச் சுரண்டத்தான் பொறுமை வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால், காடியின் நீளத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். இரும்பு ஆயுதம் ஆகாது. துகள் ஷட்டர் திரையில் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடியுங்கள். புதிதை ஒட்டியபின் மூடி முரண்டு பிடித்தால் ஃபோம் தடிமன் என்று அர்த்தம். அழுத்திச் சாத்தித் தாழ்ப்பாளை வளைத்துவிடாதீர்கள்.

ஊட்டியில் 'இந்து' பிலிம் தயாரான காலம்போல இன்று ரோலைச் சோதனைக்கென்றே செலவழிக்க முடியாது. லென்ஸ் மூடியைக் கழற்றாமல், ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் வெயிலில் காட்டி ஷட்டரைத் தட்டுங்கள். பிலிமை நகர்த்தி அடுத்த பக்கம். நான்கைந்து படத்தில் முடிந்துவிடும். நெகட்டிவில் எந்தப் படத்தில் கருமை விழுந்திருக்கிறதோ, அந்த ஓரத்தை மட்டும் மறுபடி பிரித்து ஒட்டினால் போதும்.