தலையசைப்பு

பிரிட்ஜ் ஆட்டத்தில் நாம் ஒரு ஸ்பேட் கேட்டு, கூட்டாளி அதனை மூன்றாக உயர்த்தினால், அடுத்து நாம் கூறும் மூன்று நோட்ரம்ப் முடிவன்று; "எவ்வினத்தில் உம்மிடம் ஒரு சீட்டோ, ஒன்றுமின்மையோ?" என்னும் வினாவாகும். நான்கு கிளப், நான்கு டயமண்ட், நான்கு ஹார்ட் என்பன அவ்வவ்வினத்தையே சுட்டும். நான்கு ஸ்பேட் எனின் அத்தகைய குறை எதுவுமில்லை.

இவ்வேற்பாட்டை நாம் வகுத்து நண்பருக்கு உரைத்தோம், அவரும் தலையசைத்தார். மறுவாரமே, கிளப்பில் ஒற்றைச் சீட்டு வைத்திருந்தும் மறந்து 'பாஸ்' என்றார். எதிரிகள் கிளப்பில் ஐந்து பிடி கொண்டனர். ஸ்பேட் துரும்பாயிருப்பின் அங்கு ஒன்றே போயிருக்கும். நாம் சினந்தோம்.

வீடு மீண்ட பின்னரே, மாணவரின் தலையசைப்பை விளக்கமெனக் கொள்ளும் நமது பழம் பிழையே இதுவெனத் தெளிந்தோம். இப்பொழுது ஏற்பாட்டை நண்பர் கூற, நாம் கேட்கிறோம்.