வரப்போரம் வளரும் பேச்சு

மல்லிகை மொட்டு லேசாக நிறம் மாறினாலே, 'மொட்டுப்புழு இறங்கிருச்சு' என்று சொல்லிவிடுவார் அந்தத் தோட்டக்காரர். இலைக்கு அடியில் சிலந்திப்பேன் இருந்தால் அவருடைய மனைவிக்குப் பூ எடுக்கும்போதே தெரிந்துவிடும். நிலக்கோட்டைப் பக்கம் முக்கால் ஏக்கர் மல்லிகையும் அரை ஏக்கர் கத்தரியும்தான் அவர்களுடைய வாழ்வாதாரம். எப்போது கவாத்து செய்தார்கள், எத்தனையாவது நாள் அரும்பு கட்டியது என்று தேதியோடு சொல்வார்கள். ஆனால், இரண்டு வயதும் நான்கு மாதமும் ஆன மகன் எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று அங்கன்வாடி டீச்சர் கேட்டபோது, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் வந்தது. 'ம்மா', 'பூ', 'தா'.

வீட்டில் யாரும் இதைக் கவனிக்காமல் இல்லை. "இவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். இன்னைக்கு கமிஷன் கடையில அவன் பேசுற பேச்சுக்கு எதிர்ல ஆளு நிக்க முடியுதா?" என்று அப்பத்தா தைரியம் சொன்னார். "ஆம்பளப் புள்ளைக தாமசமாத்தான் பேசும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டச் சொன்னார் இன்னொருவர். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

டீச்சர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "பயப்படாதம்மா. ஆனா, காத்துக்கிட்டும் இருக்காத. மொதல்ல காது நல்லா கேக்குதான்னு பாத்துருவோம்."

அந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. கதவைச் சாத்தினால் திரும்புகிறான், மோட்டார் சத்தம் கேட்டால் ஓடுகிறான், பிறகென்ன? டீச்சர் விளக்கினார். சத்தம் கேட்பது வேறு, பேச்சு தெளிவாகக் கேட்பது வேறு. சில குழந்தைகளுக்கு மோட்டார் சத்தம் கேட்கும், 'ச', 'ப' போன்ற மெல்லிய ஒலிகள் காதில் விழாது. சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தும் கேட்கும் திறன் குறையலாம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பிறவியிலேயே கேட்காத குழந்தை என்றால் காதுக் கருவியோ அறுவை சிகிச்சையோ எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ, பேச்சு வருவதற்கு அவ்வளவு வாய்ப்பு உண்டு. அதனால்தான் காதில் தொடங்க வேண்டும்.

இதற்காகக் கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். அது வரும்வரை காத்திருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால், மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். குழந்தை மருத்துவர், காது பரிசோதிப்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர் போன்றவர்களை ஒரே கூரையின் கீழ் வைப்பதுதான் அந்த மையங்களின் நோக்கம்.

அது தை மாதம். பனியில் பூ குறைந்து, விலை ஏறிக் கிடந்த நேரம். ஒருநாள் பூ எடுக்காவிட்டால் மொட்டு செடியிலேயே மலர்ந்து வீணாகிவிடும். "அடுத்த மாசம் போவமா?" என்று கணவர் இழுத்தார். "பூ நாளைக்கும் பூக்கும்" என்றார் மனைவி. அன்றைய பறிப்பை அக்கம்பக்கத்தவரிடம் பாதிக்குப் பாதி விட்டுவிட்டு, மூவரும் பேருந்து ஏறினார்கள்.

பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. பையன் தூங்கிய பிறகு, காதில் சின்னக் கருவியை வைத்து ஒலி அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பெயர் சொல்லி அழைத்தால் பார்க்கிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, மற்றவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறானா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அவற்றிலும் குறை தெரியவில்லை. கடைசியாக மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு நாள்ல இவன்கிட்ட யார் யார் பேசுறீங்க? எவ்வளவு நேரம்?"

பதில் சொல்ல அந்த அம்மா தன் நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். காலை நான்கு மணிக்கு நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், ஒன்பது மணி வரை குனிந்த தலை நிமிராது. பையன் கண் விழித்ததும் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து, கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். கிணற்றுப் பக்கம் போகாமல் இருக்க அதுதான் வழி. பிறகு சமையல், கத்தரிக்குக் களை, மாட்டுக்குத் தீவனம். சாப்பாடு ஊட்டுவதும் போனைக் காட்டித்தான். 'வா', 'சாப்பிடு', 'அங்க போகாத' என்பதைத் தவிர அவனிடம் எதுவும் பேசியதாக நினைவில்லை.

போனால்தான் பேச்சு வரவில்லை என்று மருத்துவர் சொல்லவில்லை. பேச்சு தாமதமாகப் பல காரணங்கள் உண்டு என்றார். ஆனால், போன் செய்ய முடியாத ஒன்றை எடுத்துச் சொன்னார். போனில் வரும் பாட்டு நூறு வார்த்தை சொல்லும். குழந்தை 'பூ' என்று சொன்னால், நின்று, அவன் முகத்தைப் பார்த்து, 'ஆமா, பூ' என்று அது சொல்லாது. பதில் வருவதைப் பார்த்துத்தான் குழந்தை அடுத்த வார்த்தைக்கு வாய் திறக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஒரு வயது முடியாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது.

"வேலைய விட்டுட்டு இவன்கூட உக்காந்து பேசுனா, பூவ யாரு எடுக்குறது?" அந்த அம்மா கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பேச்சுப் பயிற்சி தருபவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "உக்கார வேண்டாம்மா. நீங்க செய்றதைச் சொல்லிக்கிட்டே செய்ங்க. அது போதும்."

அன்றிலிருந்து அப்பத்தாவின் காலை வேலை மாறியது. பையன் எழுந்ததும் அவனைக் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு நடத்திக் கூட்டி வருவார். அம்மா பூ எடுத்துக்கொண்டே பேசுவார். "அம்மா பூ எடுக்குறேன். இந்தா, பெரிய பூ. இது குட்டிப் பூ. கூடையில போடு." அவன் 'பூ' என்றால், "ஆமா, வெள்ளப் பூ" என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வார். தப்பாகச் சொன்னாலும் திருத்துவதில்லை, சரியான சொல்லைத் திரும்பச் சொல்வதோடு சரி. கேள்வி கேட்டால், மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது என்கிறார். அவன் கை நீட்டுவதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துப் பழகிய கை அது.

அப்பா தண்ணீர் பாய்ச்சும்போது மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "தண்ணி வருது, வருது, மடையத் திற." மடை திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைதான். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்பது பெரியவர்களுக்குத்தான் சலிப்பு, குழந்தைக்கு அதுதான் விளையாட்டு. அப்பத்தா கத்தரிக்காயைக் கொட்டி, பெரியது ஒரு குவியல், சின்னது ஒரு குவியல் என்று பேரனோடு பிரித்தார். பல்லாங்குழியை எடுக்க ஆசைதான். ஆனால் புளியங்கொட்டை, நிலக்கடலை போன்றவை இந்த வயதுக் குழந்தையின் மூக்கிலோ மூச்சுக்குழாயிலோ போய் அடைத்துக்கொள்ளும் என்று டீச்சர் தடுத்துவிட்டார். கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். மருந்து பாட்டில்கள் பூட்டிய பெட்டிக்குள் போயின. மருந்தடிக்கும் நாளிலும் அதற்கு அடுத்த சில நாட்களிலும் பையனுக்குத் தோட்டம் கிடையாது. அந்த நாட்களில் பேச்சு திண்ணையில் நடந்தது.

இரண்டு மாதம் ஆகியும் பெரிய மாற்றம் தெரியவில்லை. பங்குனியில் பூ கொட்டத் தொடங்கியது. வேலை நெருக்கடியில் ஒரு வாரம் போன் மறுபடியும் வேப்பமரத்தடிக்கு வந்தது. 'நம்ம புள்ளைக்கு இவ்வளவுதானோ' என்று அந்த அம்மா இரவில் அழுததும் உண்டு. மையத்துக்கு மாதம் இருமுறை போவதற்கான பேருந்துச் செலவை நினைத்துக் கணவர் முணுமுணுத்ததும் உண்டு. ஆனால் இருவரும் நிறுத்தவில்லை. விதைத்து மூன்றாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவன் விவசாயி அல்லவே.

சித்திரையில் ஒரு மாலை. பாதி வயல் பாய்வதற்குள் மும்முனை மின்சாரம் நின்று, மோட்டார் ஓய்ந்தது. வாய்க்கால் வற்றுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, "தண்ணி போச்சு" என்றான். முதன்முதலாக இரண்டு வார்த்தை சேர்ந்து வந்தது. மற்ற நாளாக இருந்தால் மின்வாரியத்தைத் திட்டித் தீர்த்திருப்பார் அப்பா. அன்றைக்கு "ஆமடா, தண்ணி போச்சு!" என்று மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

இப்போது அவனுக்கு மூன்றே கால் வயது. அங்கன்வாடிக்குப் போகிறான். 'ர' இன்னும் 'ல'வாகத்தான் வருகிறது. அந்த வயதுக்கு அது சகஜம் என்கிறார்கள். ஆனால் வாய் ஓய்வதில்லை.

எல்லாக் குழந்தைகளும் இப்படியே தேறிவிடும் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் கூடுதல் சிகிச்சை வேண்டியிருக்கும், சிலருக்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டியிருக்கும். எதுவாக இருந்தாலும் சீக்கிரம் தெரிந்துகொள்வதே லாபம். ஒரு வயதை ஒட்டி முதல் வார்த்தை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்ந்த பேச்சு, மூன்று வயதில் வெளியாள் கேட்டாலும் பெரும்பாலும் புரிகிற பேச்சு. பொதுவான கணக்கு இதுதான். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ரொம்பவும் பிந்தினால் கேட்க வேண்டும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையையும், வந்த வார்த்தைகளை மறந்துபோகும் குழந்தையையும் உடனே காட்ட வேண்டும். இலை சுருண்டால் மறுநாளே படம் எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலரிடம் ஓடுகிறோம். 'செடி தானா சரியாயிரும்' என்று யாரும் ஐந்து மாதம் விடுவதில்லை.

போன மாதம் அதே தெருவில் ஒரு பெண் குழந்தையைப் பற்றி இதே பேச்சு வந்தது. "தானா பேசும், விடு" என்றார்கள். "தானா பேசுனா சந்தோசம்தான் அத்தே. ஒரு தடவ காட்டிட்டு வந்து சந்தோசப்படுவோம்" என்று சொல்லி, மல்லிகைத் தோட்டத்து அம்மாவே தாயையும் மகளையும் கூட்டிப் போனார். அந்தக் குழந்தைக்கு இரண்டு காதிலும் நீர் கோத்திருந்தது. இப்போது சிகிச்சை நடக்கிறது.