பட்டாசுக்காய்ச் செடியை வளர்க்கலாமா?

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கிறது கோரிப்பாளையம். 'கோரி' என்றால் அடக்கத்தலம். அங்குள்ள தர்காவால் வந்த பெயர். மழை பெய்து ஓய்ந்தால் எங்கள் சந்துச் சுவரோரமெல்லாம் ஊதாப் பூ! 'காட்டுப் பெட்டூனியா' என்பார்கள். ஆனால் பெட்டூனியா கத்தரி, தக்காளிக் குடும்பம். இது நம் கனகாம்பரம், ஆடாதோடை வகையறா. காய்ந்த காய் ஈரம் பட்டதும் 'பட்'டென்று வெடிக்கும். அதனால்தான் பிள்ளைகளுக்கு இது பட்டாசுக்காய்.

"காசில்லாத பூ, தொட்டியிலே வச்சா என்னம்மா?" என்றாள் மகள். நியாயம்தானே! கிழங்கு வேர் இருப்பதால் வெயிலைத் தாங்கும். பூ ஒருநாள்தான், ஆனால் மறுநாள் வேறு பூக்கும். வண்ணத்துப்பூச்சியும் முட்டையிட வரும்.

ஆனால், சகோதரிகளே, இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. வெடிக்கும் காய் விதையைத் தூர வீசும்; தோட்டத்து மண்ணில் விட்டால் பிறகு களை பறித்தே கை ஓயும். ஆகவே மாடித் தொட்டியில் ஒன்றே ஒன்று; காய் முற்றுமுன் கிள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்க வேண்டாம்; டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள். கிரந்திநாயகம் என்று மருந்துப் பெயரும் இதற்கு உண்டு. அதற்காக வேரைப் பிடுங்கிக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. கண்ணுக்கு அழகு, அதுவே போதும்!