ஆறு கால் பருவத்துக்கு ஒரு பெயர்

எலியின் காது மடலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தால், அது அனேகமாக அழுக்கோ புண்ணோ அல்ல. நெருக்கியடித்து ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றுண்ணிக் குஞ்சுகளின் கூட்டம். சிகர் என்று அழைக்கப்படும் இவை டிராம்பிகுலிட் வகையைச் சேர்ந்தவை. பசியோடிருக்கும் ஒரு குஞ்சு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் நீளம். மாட்டுண்ணியைப் போல இது ரத்தம் குடிப்பதில்லை. உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்தித் திசுவைக் கரைத்து, அந்தக் கரைசலை உறிஞ்சுகிறது. சில நாட்களில் வயிறு நிறைந்ததும் மண்ணில் விழுந்துவிடும். பிறகு அதற்கு எலியின் தயவே வேண்டாம். இரண்டு கால்கள் கூடுதலாக முளைக்க, மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று மிச்ச வாழ்நாளைக் கழிக்கும்.

ஆகவே இவற்றில் புதிய இனமொன்றை விவரிக்க முனைபவர் கைக்கு எட்டுவது ஆறு கால் கொண்ட அந்தக் குஞ்சுப் பருவம் மட்டுமே. 3,000 அளவுக்கு இனங்கள் பெயர் பெற்றுவிட்டன. பெரும்பாலானவற்றின் வளர்ந்த உருவம் அறியப்படவே இல்லை. வண்ணத்துப்பூச்சிக்குப் பெயர் வைக்கிறவர் சிறகைப் பார்ப்பார், கம்பளிப்பூச்சியை அல்ல. இங்கே எல்லாம் தலைகீழ்.

வேலை பொறியில் தொடங்குகிறது. விடியற்காலையில் பொறிகளை எடுக்கும்போது ஒவ்வொரு எலியையும் தனித்தனித் துணிப்பையில் போட வேண்டும். இரண்டை ஒன்றாகப் போட்டால் எது எதன் மேலிருந்து வந்தது என்பது குழம்பிவிடும். எலியோடு மூஞ்சூறும் விழும். ஊர் வழக்கில் அதுவும் எலிதான் என்றாலும், விலங்கியலில் அது கொறித்துண்ணியே அல்ல. எலியின் அடையாளமும் லேசான விஷயமில்லை. பழைய சேகரங்களில் ‘ரேட்டஸ் ரேட்டஸ்’ என்று எழுதப்பட்டவற்றில் சில, பின்னாளில் தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டவற்றைச் சேர்ந்தவை. அதனால் எலியின் தோலையும் மண்டையோட்டையும் பாதுகாத்து வைப்பவரே கவனமான சேகரிப்பாளர். காதிலிருந்து எடுத்த குஞ்சுகள் 70 சதவீத ஆல்கஹாலில் போகும். கூடவே இடம், நாள், எலியின் எண், உடலின் எந்தப் பகுதி என்று எழுதிய சீட்டு. சீட்டு தொலைந்தால் சிற்றுண்ணியும் தொலைந்த மாதிரிதான்.

அடுத்தது கண்ணாடித் தகடு. வேல மரப் பிசின் வகை, குளோரல் ஹைட்ரேட், கிளிசரின், தண்ணீர் கலந்த ஹோயர் கரைசலில் ஒரு சொட்டு வைத்து, ஊசி முனையால் குஞ்சைத் தூக்கி அதில் இறக்கி, கால்கள் விரிந்திருக்கும்படி மூடுகண்ணாடியை மெல்லச் சாய்க்க வேண்டும். மிதமான சூட்டில் சில நாள் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து, கண்ணாடி போலத் தெளிந்த மேல்தோலும் அதன் மயிர்களும் எஞ்சும். படிக்க வேண்டிய ஏடு அதுதான்.

நுண்நோக்கியில் முதலில் கண் போவது முதுகின் முன்பக்கத்திலுள்ள கேடயத் தகட்டுக்கு. லெப்டோட்ரோம்பிடியம் பேரினத்தில் அது ஏறக்குறைய செவ்வகம். முன்விளிம்பின் நடுவில் ஒரு மயிர், முன் மூலைகளில் இரண்டு, பின் மூலைகளில் இரண்டு. நடுவே இரண்டு குழிகளிலிருந்து நூல் போல நீளும் உணர்மயிர்கள். வேறு சில பேரினங்களில் இதே உணர்மயிர் உருண்டு, கதாயுதம் போலிருக்கும். அடையாளத்துக்கு இவ்வளவு உதவும் இந்த மயிர்தான் முதலில் உதிர்ந்துபோவதும். பல கண்ணாடித் தகடுகளில் வெறும் குழிதான் மிஞ்சுகிறது. மயிர்களுக்கு இடையேயுள்ள தூரங்கள் மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்கப்படும். முதுகு மயிர்கள் வரிசை வரிசையாக எண்ணப்பட்டு, 2-8-6-6-4-2 என்பது போன்ற சூத்திரமாக எழுதப்படும். ஒரு மயிரில் எத்தனை கிளை, காலின் எந்தக் கணுவில் எந்த உணர்முள் என்பது வரை கணக்கு நீளும்.

எண்ணுவதைவிடக் கடினம் தீர்மானிப்பது. ஒரே தாயின் குஞ்சுகளில்கூட ஒரு மயிர் கூடும், குறையும். ஒற்றைக் குஞ்சை வைத்துக்கொண்டு புதிய இனம் என்று அறிவிப்பது அவசரம். பல எலிகளிலிருந்து ஒரு தொகுதியாகக் கிடைத்தால்தான் வேறுபாடு நிலையானதா என்று தெரியும். மலாயாவில் கிடைத்த ஒரு வகை நெடுநாள் ஜப்பானின் அகாமுஷி என்ற இனமாகவே கருதப்பட்டு, பிறகுதான் ஃபிளெட்செரி என்ற தனி இனமாக நிலைபெற்றது. இப்போதெல்லாம் டிஎன்ஏவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய தோலையே தகட்டில் ஏற்றுகிறார்கள். அளவும் மரபணுவும் ஒரே உயிரிலிருந்து கிடைப்பதால் வாதம் பாதி குறையும்.

இந்த மயிர் எண்ணும் வேலைக்குப் பின்னால் ஒரு காய்ச்சல் இருக்கிறது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஸ்கிரப் டைபஸ் என்றும் பேச்சில் உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்லப்படும் நோயின் கிருமியைச் சில இனங்களே மனிதருக்குக் கடத்துகின்றன. குஞ்சு வாழ்நாளில் வழக்கமாக ஒரு முறைதான் விலங்கின் மேல் ஏறுகிறது. அப்படியிருக்க, கிருமியை எங்கே வாங்கி எங்கே கொடுக்கும்? தாயின் முட்டை வழியாகவே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. எனவே எந்த இனம் என்ற கேள்வி வெறும் பட்டியல் விவகாரம் இல்லை.

இந்தியாவில் இந்த நோயின் முதன்மைக் கடத்தியை 1922-இல் வால்ஷ் என்பவர் டிராம்பிகுலா டெலியென்சிஸ் என்று விவரித்தார். டெலி என்பது சுமத்ராவின் கிழக்குக் கரைப் பகுதி. தமிழ்க் கூலிகளும் போய் உழைத்த புகையிலைத் தோட்டங்களின் ஊர். பின்னர் அது லெப்டோட்ரோம்பிடியம் பேரினத்துக்கு மாறியது. டிராம்பிகுலா லத்தீன் கணக்கில் பெண்பால், லெப்டோட்ரோம்பிடியம் ஒன்றன்பால். எழுவாயின் பாலுக்கு வினைமுற்று இசைவதைப் போல, டெலியென்சிஸ் டெலியென்சே ஆயிற்று. பேரினம் மாறியதைக் காட்ட வால்ஷின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போயின. பெயரிடுபவர் தன் பெயரையே வைத்துக்கொள்ள விலங்கியல் பெயரிடல் விதியில் தடை இல்லை. ஆனால் அப்படிச் செய்பவர் அரிது, செய்தால் சிரிப்பார்கள்.

அதே விதிப்படி, 1999-க்குப் பின் வெளியாகும் எந்தப் புதிய இனத்துக்கும், பெயரைத் தாங்கும் மூல மாதிரி எது என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். அது எந்தச் சேகரத்தில் இருக்கிறது அல்லது வைக்கப்படும் என்பதும் வேண்டும். அந்தத் தகட்டோடு அது கிடைத்த எலி, கிடைத்த இடம், துணை மாதிரிகள் எல்லாம் பதிவாகும். ஹோயர் கரைசல் ஈரத்தை இழுக்கும், காலப்போக்கில் உறைந்து படிகமாகும். அதனால் மூடுகண்ணாடியின் ஓரத்தை நகப்பூச்சோ வார்னிஷோ கொண்டு அடைத்து, பிசின் இறுகும்வரை குஞ்சு நகர்ந்துவிடாதபடி தகட்டைப் படுக்கை வசத்தில் வைக்கிறார்கள்.