காத்திருக்கக் கற்ற ஆசிரியர்

அன்பு செலுத்துவது எளிது. அவ்வன்பை ஏற்க அஞ்சும் ஓர் உயிருக்காகக் காத்திருப்பது அரிது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 35 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், இவ்வுண்மையை ஒரு நாயிடமிருந்துதான் கற்றார்.

சுங்கை தெங்காவில் விலங்குக் காப்பகங்கள் பல உள்ளன. ஆசிரியரும் அவர்தம் துணைவியாரும் அவற்றுள் ஒன்றுக்குச் சென்றபோது, நாய்கள் பலவும் கம்பியருகே ஓடிவந்து வாலாட்டின. பழுப்பு நிறப் பெண் நாயொன்று மட்டும் மூலையில் ஒண்டிக் கிடந்தது. அதன் வால் பின்னங்கால்களுக்கிடையே ஒடுங்கியிருந்தது. காதுகள் பின்னோக்கி மடிந்திருந்தன. தொழிற்பேட்டையொன்றின் புதரோரம் பிறந்து, வளர்ந்த பின் பிடிபட்ட நாய் அது. பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை நாய்க்குட்டி புதியவற்றை எளிதில் ஏற்கும். அப்பருவத்தில் மனிதரோடு பழகாத குட்டி, பின்னர் நல்ல கைக்கும் அஞ்சக்கூடும்.

இத்தகைய கலப்பின நாய்களைச் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று மக்கள் செல்லமாக அழைப்பர். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் அவற்றுக்கு முன்பு இடமில்லை. 2012ஆம் ஆண்டு 'அடோர்' திட்டம் தொடங்கிய பின்னரே, நடுத்தர அளவுள்ளவற்றுக்கு, விதிமுறைகளுக்கு உட்பட்டு அக்கதவு திறந்தது.

வீட்டுக் கதவு திறந்தால் மனக்கதவும் திறந்துவிடுமா? மின்தூக்கியின் கதவு மூடியதும் அந்நாய் தரையோடு தரையாகப் படுத்து நடுங்கியது. வீட்டினுள் விட்டதும் சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்துகொண்டது. ஆசிரியர் எதிரே குனிந்து, அதன் கண்களையே உற்று நோக்கி, உணவை நீட்டிப் பெயர் சொல்லி அழைத்தார். அழைக்க அழைக்க அது பின்னே ஒதுங்கியது.

துணைவியார் மெல்லச் சொன்னார்: "ஏங்க, வகுப்பிலே பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்கிற மாதிரியே கேட்கிறீங்களே. அது பயந்து கிடக்குது, விட்டுடுங்க."

அச்சொல் ஆசிரியரைத் தைத்தது. பல்லாண்டுகளுக்கு முன் அவர் வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவன் இருந்தான். கூச்சத்தைப் போக்குவதாக எண்ணி, செய்யுளை ஒப்புவிக்கும்வரை நிற்குமாறு அவனைப் பணித்தார். மணி அடிக்கும்வரை அவன் நின்றான்; பேசவில்லை. திறந்திருந்த நூலின்மேல் கண்ணீர் சொட்டியது. அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் எழுதியது 'ஆர்வமில்லை' என்ற ஒரே சொல்.

மறுநாள் முதல் அவர் முறையை மாற்றினார். நாய்க்கென ஒரு கூண்டை வாங்கிப் போர்வையால் மூடி, அதன் கதவைத் திறந்தே வைத்தார். நாள்தோறும் அதே வேளையில் சற்றுத் தள்ளித் தரையில் பக்கவாட்டில் அமர்ந்து நாளிதழ் படித்தார். வேகவைத்த கோழித் துண்டுகளை அருகே போட்டுவிட்டு, அது வருகிறதா என்று திரும்பிப் பார்க்காதிருந்தார். அது கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதும் எப்போதும் தூக்கத்தாலோ பசியாலோ அல்ல, மனக்கலக்கத்தாலும் ஆகலாம் என்று அறிந்தார். வாழ்நாளெல்லாம் மொழி கற்பித்தவர், பேச்சில்லாத மொழியொன்றின் அரிச்சுவடியைக் கற்கலானார்.

9ஆம் நாள் அது கோழித் துண்டை எடுத்துக்கொண்டு ஓடியது. 4ஆம் வாரத்தில் ஒருநாள் மாலை, ஈரமான மூக்கொன்று அவர் மணிக்கட்டைத் தொட்டது. கையை அசைக்காமல், படித்த வரியையே மீண்டும் மீண்டும் படித்துக்கொண்டிருந்தார் ஆசிரியர்.

இன்றும் இடி இடித்தால் அந்நாய் கூண்டுக்குள் ஓடிவிடுகிறது. மின்தூக்கியில் அவர் காலோடு ஒட்டிக்கொள்கிறது. அச்சம் முற்றும் நீங்கவில்லை. அஞ்சும்போது ஒதுங்க ஓரிடம் அதற்குக் கிடைத்திருக்கிறது.

அம்மாணவனுக்கு இப்போது நாற்பது வயது கடந்திருக்கும். அவனுக்காகக் காத்திருக்கும் வாய்ப்பு ஆசிரியருக்கு இனி இல்லை. ஆயின், ஒவ்வொரு வகுப்பறையின் கடைசி வரிசையிலும் அவனைப் போன்ற ஒருவன் இன்றும் அமர்ந்திருக்கிறான். பேசாத பிள்ளையெல்லாம் ஆர்வமற்ற பிள்ளை அல்லன். அருகே வரத் தனக்குரிய நாளை எதிர்நோக்கி இருப்பவனாகவும் இருக்கலாம்.