அப்பா மடக்கிப் பார்த்த குழாய்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ரப்பர் ஹோஸ் செய்யும் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை. புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்ட கையோடு, தெரிந்தவர் ஒருவரிடம் பழைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டரை இரவல் வாங்கி வந்தேன். 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய வகை. ஒரு குழாயில் காற்று வாய்க்கு வரும். விட்ட மூச்சு இன்னொன்றின் வழியே முதுகுப் பக்கம் போய்க் குமிழியாகும். முகத்துக்கு முன்னால் குமிழி மறைக்காததால் படமெடுப்பவர்களுக்கு இது செல்லம். 1956-ல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலடியில் கோணேஸ்வரம் கோயில் இடிபாடுகளைக் கண்டது இத்தகைய கருவிகளின் காலத்தில்தான். எனக்கு அந்த மயக்கம்.

கதையெல்லாம் கேட்டுக்கொண்டே அப்பா குழாயை மடக்கினார். மடிப்புகளுக்குள் மயிரிழை வெடிப்புகள்.

“சும்மா வெச்சிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்மா. இதுலயா மூச்சு விடப் போற?”

கோபம்தான் வந்தது. இன்றும் இதை மாட்டிக்கொண்டு முங்குகிறவர்கள் குழாயையும் உள்ளேயிருக்கும் டயாஃப்ரத்தையும் புதிதாக மாற்றிவிட்டுத்தான் இறங்குகிறார்கள் என்பதை ராத்திரிதான் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை ரத்து செய்தேன்.

காலையில் பார்த்தால், அப்பா ஷிப்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் வெர்னியரை வைத்துக் குழாயின் உள்விட்டத்தை அளந்துகொண்டிருந்தார்.